நில், நிற்க, நிற்கக்கூடாது: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பள்ளிகளில் ஒழுங்கு விதிகளும் அவற்றின் மொழியும்

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் ‘கட்டொழுங்கு’ என்றொரு சொல் வழங்கி வருகிறது. கட்டொழுங்கு ஆசிரியர் என்னும் பொறுப்பு ஒவ்வொரு பள்ளியிலும் உண்டு. தமிழகத்து ஆசிரியர் ஒருவரிடம் இச்சொல்லைக் கூறினால் பொருள் புரியும். ஆயினும் அது அவர் நாவில் பழகிய சொல் அன்று. அவர் ‘ஒழுக்கம்’ என்பார், அல்லது ‘ஒழுங்கு நடவடிக்கை’ என்பார். ஒழுகுதல் என்னும் வினையினின்று பிறந்தவை ஒழுக்கமும் ஒழுங்கும். நீர் தன் போக்கில் ஒழுகுவதுபோல் இடையறாது நடந்துவரும் நடை ஒழுக்கம். வரிசை குலையாமை ஒழுங்கு. அதன் முன் ‘கட்டு’ என்னும் சொல் வந்து நின்றது ஏன் என்பதை ஆராயப் புகுந்தால், அகராதியை மூடிவிட்டுத் தோட்டத்து வரலாற்றைத் திறக்க வேண்டியிருக்கிறது.

இவ்வுரைக்கு நாம் எடுத்துக்கொண்ட களம் பகாங் மாநிலத்துக் கேமரன் மலை. தமிழ்ப் பிள்ளைகளும் அவர்தம் குடும்பத்தாரும் பள்ளியின் பெயரால் எவ்வெவ் விதிகளுக்கு உட்பட்டனர், அவ்விதிகள் எவருடைய குரலில், எந்த வினைமுற்றில் சொல்லப்பட்டன என்பதே நம் கேள்வி. மொழியியலாளன் வரலாற்றுக்குள் கால் வைக்கும்போது இத்தகைய சிறு வாசல்வழியே நுழைவதுதான் பாதுகாப்பு.

1885-ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மேட்டுநிலத்தைக் குறித்துச் சென்றார். அதன்பின் நாற்பதாண்டுகள் இது பெரும்பாலும் காடாகவே கிடந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்துச் சென்ற பின்னரே குடியேற்றத் திட்டங்கள் உருப்பெற்றன. 1929-இல் ஜே. ஏ. ரசல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அவருக்குத் துணையாக நின்றவர் ஏ. பி. மில்ன், இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகியவர். இந்தச் செய்தி நமக்கு முக்கியமானது. தேயிலைச் செடியோடு இலங்கை மலையகத்துத் தோட்ட ஒழுங்குமுறையும், துரைமார் பேசிய தமிழும் இங்கே வந்து சேர வழி பிறந்தது. போ, சுங்கை பாலாஸ், புளூவேலி எனத் தோட்டங்கள் பெருகப் பெருக, இரப்பர்த் தோட்டங்களிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனிக்கு நடுவே லயங்களில் குடியேறின.

தோட்டத்தின் முதல் விதி ‘பெரட்டு’. ‘பரேட்’ என்னும் படைத்துறைச் சொல் தமிழ் நாவில் பெற்ற வடிவம் அது. விடியுமுன் மணி ஒலிக்கும். ஆண்களும் பெண்களும் களத்தில் வரிசையாக நிற்பர். கிராணி பெயர் வாசிப்பார். மண்டோர் வேலை பிரிப்பார். பெயர் வாசிக்கும்போது இல்லாதவருக்கு அன்றைய வேலை இல்லை, கூலியும் இல்லை. இலங்கை மலையகத் தமிழில் ‘பேர்’ என்பதே ஒருநாள் கூலிக் கணக்கைக் குறிக்கும் சொல்லாயிற்று. அரைநாள் வேலைக்கு ‘அரைப்பேர்’. மனிதனின் பெயர் கூலியின் அளவாக மாறிய இச்சொல்லாட்சியைக் காட்டிலும் அவ்வாழ்க்கையைச் சுருங்கச் சொல்லும் சான்று வேறில்லை.

பள்ளி இந்தப் பெரட்டின் நிழலில் பிறந்தது. மணி, வரிசை, பெயர் வாசிப்பு, வராதவர் கணக்கு ஆகிய நான்கும் பள்ளியிலும் உண்டு. உலகெங்கும் பள்ளிகளில் இவை உள்ளனவே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் சென்னையிலோ பினாங்கிலோ ஒரு பிள்ளைக்குப் பள்ளி மணி பள்ளி மணியாக மட்டுமே ஒலித்தது. தோட்டத்துப் பிள்ளைக்கோ, ஒரே காலையில் தாயை அழைத்த மணிக்கும் தன்னை அழைத்த மணிக்கும் இடையே ஓசையில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. ‘கட்டு’ எங்கிருந்து வந்தது என்பதற்கு இது ஒரு பகுதி விடை.

சட்டம் என்ன சொன்னது? 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பின்படி, பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள், அதாவது 7 முதல் 14 வயது வரையுள்ளோர், பத்துப்பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி ஏற்படுத்தித் தர வேண்டும். சட்டம் சுட்டியது முதலாளியை. பள்ளி என்பது அவருக்கு மருத்துவமனை, குடிநீர் போன்றதொரு கடமை. கடமையைக் குறைந்த செலவில் முடிக்க விரும்பியவர்கள் லயத்து அறையிலோ கோயில் கொட்டகையிலோ பள்ளி வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியையோ கங்காணியையோ வாத்தியாராக்கினார்கள். காலையில் வேலைக்கணக்கு எழுதியவரே பகலில் கரும்பலகைமுன் நின்றார். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் காலையில் வேலை செய்துவிட்டுப் பிற்பகலில் படிக்க வந்த தோட்டங்களும் மலாயாவில் இருந்தன. அக்காலக் கூலி விகிதங்களில் ஆண், பெண் என்பவற்றோடு ‘சிறுவர்’ என்று மூன்றாவது விகிதமும் இருந்ததை மறந்துவிட்டு அன்றைய பள்ளி வருகையைப் பற்றிப் பேச முடியாது. பெரட்டுக்களத்தில் தன் பெற்றோரை அதட்டிய அதே குரலைத்தான் பிள்ளை வகுப்பிலும் கேட்டது. அங்கே ‘பேசாதே’ என்ற விதி கல்விக்காகச் சொல்லப்பட்டதா, அதிகாரத்திற்காகச் சொல்லப்பட்டதா என்று பிரித்தறியும் வசதி அப்பிள்ளைக்கு இல்லை.

பெரும்பாலானவை ஓராசிரியர் பள்ளிகள். ஒருவர் ஒரே அறையில் பல வகுப்புகளை மேய்க்க வேண்டும். எனவே மூத்த மாணவன் ஒருவன் இளையோருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தான், வரிசை பார்த்தான், குறும்பர்களின் பெயரைப் பலகையில் எழுதினான். அவன் நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை. இங்கே ஒரு சிறு விலகல் செய்ய இடந்தர வேண்டுகிறோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதிப் படிக்கும் நாட்டுப் பள்ளி முறையைக் கண்டார். மாணவரைக்கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வகுத்து, 1797-இல் இலண்டனில் அதுபற்றி நூல் வெளியிட்டார். அது ‘சென்னை முறை’ என்னும் பெயரால் இங்கிலாந்தில் பரவியது. ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டுப்பாட்டுக்குப் பெயர்போன வகுப்பறை முறை ஒன்றின் வேரில் தமிழ்நாட்டுத் திண்ணை இருந்தது என்பதை நம் மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. தோட்டப் பள்ளிக்குச் சட்டாம்பிள்ளை வந்தது பெல்லின் நூல் வழியாக அன்று; வாத்தியாரின் சொந்த ஊர் நினைவு வழியாக.

அந்த நினைவு வழியே வந்தவற்றுள் மிக வலியவை நீதிநூல்கள். ஆத்திசூடி, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகியவை தமிழ்ப் பிள்ளைக்கு எழுத்தறிவும் நடத்தை விதியும் ஒருங்கே தந்தவை. இன்றும் மலேசியத் தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டத்தில் ‘செய்யுளும் மொழியணியும்’ என்னும் பகுதியில் இவை இடம்பெறுகின்றன. இவற்றின் அறத்தைப் பற்றிப் பேசியோர் பலர். இலக்கணத்தைப் பற்றிப் பேசியோர் சிலரே. ஆத்திசூடியில் வினையடியே ஏவலாக நிற்கும் இடங்கள் பல. விலக்க வேண்டுமானால் ‘ஏல்’ என்னும் ஈறு வரும். உலகநீதியோ ‘வேண்டாம்’ என்று முடியும். வேண்டுதல் என்பது விரும்புதல். எனவே ‘வேண்டாம்’ என்பதன் அடிப்பொருள் ‘விரும்பத்தக்கது அன்று’ என்பதே. மூத்தவர் அருகில் அமர்த்திச் சொல்லும் தொனி அது. இக்காலப் பள்ளிப் பலகையில் நாம் காணும் ‘கூடாது’ வேறு வகை. கூடுதல் என்றால் இணைதல், இயலுதல். ‘கூடாது’ என்பது முதலில் ‘பொருந்தாது, இயலாது’ என்ற பொருளையே தந்தது. திருக்குறளில் ‘கூடாவொழுக்கம்’ என்னும் அதிகாரத் தலைப்பு, துறவு வேடத்தோடு பொருந்தாத நடத்தையைச் சுட்டுகிறது. பொருந்தாமை காலப்போக்கில் தடையாக இறுகிப்போயிற்று. ‘ஓட வேண்டாம்’ என்பதற்கும் ‘ஓடக்கூடாது’ என்பதற்கும் இடையே உள்ள தொலைவைப் பெரியவர்களைவிட ஆறு வயதுப் பிள்ளை விரைவில் உணரும்.

இன்னொரு வினைவடிவம் உண்டு: வியங்கோள். ‘நிற்க’, ‘வாழ்க’, ‘எழுதுக’ என வருவது. தன்மையிலும் முன்னிலையிலும் வியங்கோள் நிலைபெறாது என்பது தொல்காப்பியம். மூவிடத்திற்கும் ஐம்பாலுக்கும் உரியது என்பது நன்னூல். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் மொழி நகர்ந்திருக்கிறது. நன்னூலார் கூறும் நிலையே பள்ளி விதிக்கு ஏற்றதென்பது நம் கருத்து. ‘வரிசையில் நில்’ என்றால் அது எதிரே நிற்கும் பிள்ளைக்கு மட்டும் உரியது. சொல்பவர் வெளியே நிற்கிறார். ‘வரிசையில் நிற்க’ என்றால் அது எல்லார்க்கும் பொது. ஆசிரியரும் அதற்குள் அடங்குவார். மலேசியப் பாடநூல்களிலும் தேர்வுத் தாள்களிலும் கட்டளை வாக்கியங்கள் இன்றும் ‘எழுதுக’, ‘வாசித்திடுக’ என வியங்கோளிலேயே அமைகின்றன. நம் நாட்டுப் பிள்ளைகள் வியங்கோளை நன்கு அறிந்தவர்கள். நடத்தை விதிக்கு மட்டும் அது ஏன் எட்டாமற்போயிற்று?

தோட்டத்தின் ஆட்சித் தமிழ் வியங்கோளை அறியாதது. துரைமார் தமிழ் கற்க வேண்டியிருந்தது. அவர்களுக்கென்றே கையேடுகள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் அச்சான ஒரு கையேட்டின் பெயரே ‘இங்கே வா’ என்பது. சின்னத் துரைமார் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதற்காக எழுதப்பட்டது. நூலின் பெயரே ஒருமை ஏவல். தாத்தா வயதினரையும் ‘வா, போ, எடு’ என்று விளித்த தமிழ் அது. அதில் ‘நீங்கள்’ என்பதற்குத் தேவை இருக்கவில்லை. கங்காணியும் மண்டோரும் அத்தொனியையே பயின்றார்கள். கிராணி வாத்தியாரானபோது அது வகுப்புக்குள்ளும் வந்தது. பிள்ளைகளை ஒருமையில் விளிப்பது தமிழ்க் குடும்பங்களில் இயல்பே. அதில் அன்பு உண்டு. ஆனால் ஒரு பிள்ளை, தன் தந்தையைத் துரை விளிக்கும் அதே வினைமுற்றால் தன்னையும் விளிக்கக் கேட்கும்போது அந்த ஒருமைக்கு வேறொரு நிறம் ஏறிவிடுகிறது.

ஜப்பானியர் காலத்தைப் பற்றி விரிவாகப் பேச இங்கே இடமில்லை. 1942 முதல் 1945 வரை பள்ளிகளில் கிழக்கு நோக்கி வணங்குவதும், நிப்பொங்கோ பயில்வதும், காலை உடற்பயிற்சியும் விதிகளாயின. சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. தந்தையின்றி வளர்ந்த பிள்ளைகள் மலாயாவின் தோட்டந்தோறும் இருந்தனர். அடுத்து 1948-இல் அவசரகாலம் வந்தது. முள்வேலி, ஊரடங்கு, அடையாள அட்டை, வேலிக்கு வெளியே உணவு கொண்டுசெல்லத் தடை எனத் தோட்டத்தின்மேல் இன்னொரு விதித்தொகுப்பு அடுக்கப்பட்டது. பிரிக்ஸ் திட்டத்தின்கீழ்ச் சிதறிய குடியிருப்புகள் ஒன்றுசேர்க்கப்பட்டன. கேமரன் மலையிலும் புதுக்கிராமங்கள் எழுந்தன. அக்காலத்தில் ‘பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வா’ என்று தாய் சொன்னது வெறும் வளர்ப்பு விதி அன்று. உயிர் காக்கும் விதி.

இவற்றுக்கிடையே தமிழரிடமிருந்தே ஒரு மாற்றம் எழுந்தது. 1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து சென்றார். கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ 1935 முதல் வெளிவந்தது. 1952-இல் அவர் முயற்சியில் தமிழர் திருநாள் தொடங்கியது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. இந்த அலையின் விளைவுகளுள் பள்ளிக்குள் நிலைத்த ஒன்று, ‘வணக்கம் ஐயா’ என்னும் வாழ்த்து. மிக எளிய விதி. ஆசிரியர் வகுப்பில் நுழைந்ததும் எழுந்து நின்று, கைகூப்பி, ஒரே குரலில் சொல்லுதல். ஆசிரியரும் ‘வணக்கம்’ என்று மறுமொழி கூறுவார். பெரட்டுக்களத்தில் பெயர் வாசிக்கப்பட்டபோது தொழிலாளி பதில் கொடுத்தான். கிராணி அவனுக்கு வணக்கம் சொன்னதில்லை. பள்ளி வாழ்த்தில் இருபுறமும் ஒரே சொல். தோட்டத்தின் நாளில் சமமான சொற்கள் பரிமாறப்பட்ட நேரங்கள் மிகச் சில. அவற்றுள் இது ஒன்று.

மொழியியல் நோக்கில் இன்னொன்றும் கூற வேண்டும். வீட்டிலும் லயத்திலும் பேச்சுத் தமிழையே கேட்டு வளர்ந்த பிள்ளை, முதன்முதலாகத் தன் வாயால் சொன்ன எழுத்துத் தமிழ் வாக்கியம் பெரும்பாலும் ஒரு விதி வாக்கியமே. ‘ஐயா, நான் வெளியே சென்று வரலாமா?’ என்பது அத்தகையது. வீட்டில் ‘போயிட்டு வரேன்’ என்று அறிவித்துவிட்டு ஓடும் பிள்ளை, இங்கே ‘வரலாமா’ என்று கேட்கக் கற்றது. நம் இரட்டை வழக்கு மொழிச்சூழலில் பள்ளி விதிகளே செந்தமிழுக்குள் செல்லும் வாயிலாக இருந்தன. விதிகளைக் கட்டு என்று மட்டும் பார்ப்பவர்கள் இதைக் காணத் தவறுகிறார்கள்.

1957-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ரசாக் அறிக்கை அதற்கு அடித்தளம். அன்று நாட்டில் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. மிகப் பல தோட்டப் பள்ளிகள். பாடநூல், பயிற்சி பெற்ற ஆசிரியர், பொதுவான பாடத்திட்டம் ஆகியவை வந்தன. விதிகளும் தோட்ட அலுவலகத்திலிருந்து கல்வியமைச்சுக்கு இடம் மாறின. 1970-இல் நாடு முழுவதற்கும் ஒரே சீருடை வகுக்கப்பட்டது. தொடக்கப்பள்ளி ஆண்பிள்ளைக்கு வெள்ளைச் சட்டையும் கருநீலக் காற்சட்டையும். பெண்பிள்ளைக்கு வெள்ளைச் சட்டையின்மேல் கருநீலப் பினஃபோர். துரை வீட்டுப் பிள்ளையும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் ஒரே உடையில் தோன்றும் காட்சியை நாடு விரும்பியது. நல்ல விருப்பம்தான். அதே ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் நாள் தேசியக் கோட்பாடு பிரகடனமாயிற்று. சபைக்கூடலில் பிள்ளைகள் அதனை உறுதிமொழியாகச் சொல்லலாயினர். அதன் ஐந்தாம் கூறு நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் பற்றியது. 1983-இல் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தோடு நன்னெறிக் கல்வி தனிப் பாடமாயிற்று. நீதிநூல் ஒருபுறமும் நன்னெறிப் பாடநூல் மறுபுறமும் நின்று ஒன்றையே சொன்னபோது பிள்ளை எதை நினைவில் வைத்தது என்று கேட்டால், ஓசை நயம் உள்ளதையே என்று சொல்லத் தயங்கமாட்டோம்.

சீருடையோடு வந்த வெள்ளைக் காலணியைப் பற்றிச் சொல்லாமல் கேமரன் மலையைக் கடக்க முடியாது. ஆண்டின் பெரும்பகுதி மழையும் பனியுமான மேட்டுநிலம். தேயிலைச் சரிவுகளுக்கு இடையே மண் பாதை. வெள்ளைக் காலணி பள்ளி வாயிலை அடையுமுன் செந்நிறமாகிவிடும். துவைத்ததை வெயிலில் உலர்த்தலாம் என்றால் வெயில் கிடைப்பது அரிது. அடுப்பருகில் வைத்து உலர்த்த வேண்டும். சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்துக் கறையை மறைத்த பிள்ளைகளின் கதை மலேசியா முழுவதிலும் உண்டு; மலைத்தோட்டத்தில் அது வாரந்தோறும் நடந்த நிகழ்ச்சி. சமவெளியில் தூய்மையைச் சோதித்த விதி, மலையில் தாயின் உழைப்பைச் சோதித்தது. விடியுமுன் கொழுந்து பறிக்கப் புறப்படும் பெண் எப்போது காலணி துவைப்பாள் என்று விதியை எழுதியவர்கள் எண்ணியிருக்க வழியில்லை. 2018-இல் கறுப்புக் காலணிக்கு மாறும் அறிவிப்பு வந்தபோது நகரங்களில் அதைப் பற்றி நகைத்தவர்கள் பலர். தோட்டத்துத் தாய்மார் நகைத்திருக்க மாட்டார்கள்.

இனிப் பிரம்பு. ‘கண்ண மட்டும் விட்டுட்டு மத்த எடமெல்லாம் அடிங்க வாத்தியாரே’ என்று பிள்ளையைக் கொண்டுவந்து ஒப்படைக்கும் பெற்றோரின் வாக்கு தமிழர் வாழும் நாடெங்கும் கேட்டது. அதை வன்முறை என்று மட்டும் படிப்பது அவசரம்; தம்மால் தர இயலாத ஒன்றை ஆசிரியர் தருவார் என்ற நம்பிக்கையும் அதில் உண்டு. ‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழியில் படிதல் என்பது பணிதல், கல்வி அன்று. பெற்றோர் அதைப் படிப்போடு சேர்த்துக் கேட்டார்கள். சட்டமோ அப்போதே எல்லை வகுத்திருந்தது. 1959-ஆம் ஆண்டுப் பள்ளி ஒழுங்கு விதிகளின்படி பிரம்படி ஆண்பிள்ளைக்கு மட்டும். இலேசான பிரம்பால் உள்ளங்கையிலோ, உடைமேல் பின்புறத்திலோ. அதுவும் தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் அளித்தவரோ மட்டும். பெண்பிள்ளைகளை அடித்தல் கூடாது. இவ்விதி பள்ளிகளில் எவ்வாறு நடந்தேறியது என்பதை 1960-களிலும் 70-களிலும் படித்தவர்களைக் கேட்டால் சட்டநூலில் இல்லாத விடைகள் கிடைக்கும். பெற்றோர் வாய்மொழியாகத் தந்த அதிகாரம் அரசின் எழுத்துவழி எல்லையைவிட அகலமானதாக இருந்தது என்பதே சிக்கலின் உள்ளீடு. ஆசிரியர் எந்த அதிகாரத்தின்கீழ் நடந்தார் என்பது அவரவர் மனச்சான்றைப் பொறுத்திருந்தது.

குடும்பத்தார்மேல் வைக்கப்பட்ட விதிகளுள் எல்லாவற்றிலும் பாரமானது வருகை. பிள்ளை ஏன் வரவில்லை? காய்ச்சல், திருவிழா, மழை ஆகிய காரணங்களைப் பதிவேட்டில் எழுதலாம். எழுத முடியாத காரணம் ஒன்று உண்டு. தாயும் தந்தையும் பெரட்டுக்குப் போய்விட்டார்கள். கைக்குழந்தைக்கு ஆயாக்கொட்டகை உண்டு. ஆனால் அன்று குழந்தைக்குக் காய்ச்சல், கொட்டகையில் விட முடியாது. மூத்த பெண்பிள்ளை வீட்டில் தங்கிவிடுகிறாள். பத்து வயதில் அவள் சமைக்கிறாள், தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புகிறாள், தன் பெயரைப் பதிவேட்டில் இழக்கிறாள். தோட்டத்தில் பெரட்டு விதியும் பள்ளி விதியும் ஒரே நேரத்தில் ஒரே குடும்பத்தின்மேல் விழுந்தன. இரண்டையும் நிறைவேற்ற ஆள் போதவில்லை. எந்த விதி தளர்ந்தது என்றால், கூலியைப் பிடிக்காத விதி. அதற்கு விலை கொடுத்தவள் அந்த மூத்த பெண்.

2002-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத் திருத்தம் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியது. 2003 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறு வயது நிறைந்த பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. 1923-இல் சட்டம் சுட்டியது தோட்ட முதலாளியை என்று முன்னர்க் கூறினோம். எண்பதாண்டில் சுட்டுவிரல் பெற்றோர் பக்கம் திரும்பிவிட்டது. இடையில் நாடு விடுதலை பெற்றது, கல்வி இலவசமாயிற்று. எனவே திருப்பத்தில் நியாயம் உண்டு. ஆயினும் பிள்ளையைச் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தாய் தந்தையரின் திருமணம் பதிவாகாமலும், பிறப்பு உரிய காலத்தில் பதிவாகாமலும் போன குடும்பங்கள் தோட்டப்புறத்தில் இருந்தன. சேர்க்காவிட்டால் குற்றம் என்று ஒரு விதி. ஆவணமின்றிச் சேர்க்க இயலாது என்று மற்றொரு விதி. பெற்றோரில் ஒருவரேனும் குடிமக்களாக உள்ள ஆவணமற்ற பிள்ளைகளைச் சேர்ப்பதற்கான வழியை 2019-இல் அமைச்சு எளிமையாக்கியது. விதி, தான் விதிக்கப்பட்டவரைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்ட அரிய தருணங்களுள் அது ஒன்று.

பள்ளியிலிருந்து வீட்டுக்குச் செல்லும் எச்சரிக்கைக் கடிதத்தைப் பற்றியும் ஒரு சொல். அலுவல் கடிதம் தேசிய மொழியில் அமையும். தோட்டத்துப் பெற்றோருள் பலர் அதனை வாசிக்கப் பழகாதவர்கள். எனவே பிள்ளையின் குற்றத்தைச் சொல்லும் கடிதத்தை அப்பிள்ளையே பெற்றோருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் நிலை உண்டு. அம்மொழிபெயர்ப்புகளை எவராவது தொகுத்திருந்தால் நம் மொழிபெயர்ப்பியலுக்கு ஓர் அருமையான இயல் கிடைத்திருக்கும்!

நகையை விடுத்துப் பார்த்தால், மொழிபெயர்ப்பே இன்றைய விதிகளின் மையச் சிக்கல். மலாயில் ‘டிலாராங்’ என்று தொடங்கும் தொடர், தமிழில் ‘தடைசெய்யப்பட்டுள்ளது’ என்றாகிறது. ‘தீடாக் டிபெனார்க்கான்’ என்பது ‘அனுமதிக்கப்பட மாட்டாது’ என்றாகிறது. மலாயில் செயப்பாட்டு வினை இயல்பான நடை. அங்கே அது கடுமையாக ஒலிப்பதில்லை. தமிழில் செயப்பாட்டு வினை எழுவாயை மறைக்கும். தடை செய்தவர் யார் என்பது தெரியாமற்போகும். ‘சிற்றுண்டிச்சாலையில் ஓடுவது அனுமதிக்கப்பட மாட்டாது’ என்னும் பலகையை ஏழு வயதுப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் ஓடி முடித்துவிடும். ‘மெதுவாக நடப்போம்’ என்று எழுதினால் இரண்டு சொல். உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. சொல்பவரும் கேட்பவரும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள். தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. மலாயிலும் ‘கீத்தா’, ‘காமி’ என்று இவ்வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் இல்லாத இவ்வசதி இரு மொழிகளிலும் இருக்க, விதிப்பலகைகள் அதைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டன. ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவர்கள் தத்தம் பள்ளியின் விதிப்பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் வினைமுற்றையும் வகைப்படுத்திப் பார்க்கலாம். ஏவல் எத்தனை, வியங்கோள் எத்தனை, ‘கூடாது’ எத்தனை, ‘நாம்’ எத்தனை என்று எண்ணினாலே போதும்; பள்ளி தன் பிள்ளைகளோடு எந்த உறவில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

இன்று நாட்டில் ஐந்நூற்று இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. கேமரன் மலையில் தானா ராத்தா, ரிங்லெட் போன்ற ஊர்களிலும் போ, சுங்கை பாலாஸ் முதலிய தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் நடந்துவருகின்றன. தேயிலைச் சரிவுகளில் இப்போது வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் வேலை செய்கின்றனர். தமிழ்க் குடும்பங்கள் பல ஊர்ப்புறங்களுக்கும் சமவெளிக்கும் இறங்கிவிட்டன. நூற்றைம்பதுக்கும் குறைவான மாணவரைக் கொண்ட பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வியமைச்சு வகைப்படுத்துகிறது. தோட்டப் பள்ளிகள் பலவும் அவ்வகையின. எண்ணிக்கை மிகவும் குறையும் இடங்களில் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் அமர்த்தும் கூட்டு வகுப்பு முறை நடைமுறையில் உள்ளது. அத்தகைய அறைகளில் மூத்தவர் இளையவரின் கையைப் பிடித்து எழுத்துச் சொல்லித் தருகிறார். பெயர்தான் இப்போது சட்டாம்பிள்ளை அன்று, வகுப்புத் தலைவர்.